எருமைத்திட்டுப் பெரணி

குற்றாலத்தில் பேரருவிக்கு மேலே, செண்பகாதேவிக்குப் போகிற பாதையை விட்டுக் கொஞ்சம் இறங்கினால், சிற்றாறு இரண்டாகப் பிரிந்து மறுபடி கூடுகிற ஓர் இடம் உண்டு. நடுவில் கிடக்கிற பாறைக்கு எருமைத்திட்டு என்று பேர். பேர் வைத்தவன் எருமையைச் சரியாகப் பார்க்காதவனாக இருக்க வேண்டும். எனக்கு அது என்றைக்கும் கவிழ்த்துப் போட்ட அண்டா மாதிரிதான் தெரிந்தது. அதன் வடக்குப் பக்கத்தில், நாள் முழுக்கத் தண்ணீர் பொடியாகத் தெறிக்கிற இடத்தில், ஒரு பெரணி இருந்தது. பூக்காது, காய்க்காது. விரல் நீளத்துக்கு இலை, இலைக்கு அடியில் பழுப்பாக வித்துத்தூள், அவ்வளவுதான். பார்த்தால் பாசி என்று நினைத்து மிதித்துவிட்டுப் போவீர்கள். உலகத்தில் வேறெங்கும் அது கிடையாது என்று எங்கள் புரொபசர் சொன்னார்.

நான் அய்யாக்குட்டி. திருநெல்வேலியில் ஒரு கல்லூரியின் பாட்டனி டிபார்ட்மெண்டில் அட்டெண்டராக இருந்தேன். வீடு தென்காசியில். சனிக்கிழமை ரயிலில் வந்து திங்கட்கிழமை ரயிலில் போவேன். புரொபசர் ஆவுடைநாயகமும் தென்காசிக்காரர்தான். அவர் மேலே, நான் கீழே. ஆனால் ஒரே ரயில்.

அந்தப் பெரணியை முதலில் பார்த்தது நான். ஐம்பத்தொன்றாம் வருஷம் ஜனவரி மாதம். திட்டில் கால் வழுக்கி, பாறையோடு ஒட்டிக்கொண்டு கிடந்தபோது மூக்குக்கு நேரே அது இருந்தது. உதடு கிழிந்து ரத்தம் வருவதைக்கூடப் பார்க்காமல், “சார், இது நம்மகிட்ட இல்லாத சாதி!” என்று கத்தினேன். புரொபசர் கால்சட்டை நனைய இறங்கி வந்து, லென்சை வைத்துப் பார்த்து, அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அச்சில் வந்தது. அதில் என் பெயர் இல்லை.

இருக்காது என்று எனக்குத் தெரியும். காய்ந்த செடியைத் தாளில் ஒட்டி, மூலையில் ஒரு லேபிள் ஒட்டுவது எங்கள் வேலை. செடியின் பெயர், எடுத்த இடம், தேதி, எவ்வளவு காணப்படுகிறது, சேகரித்தவர் என்று அதில் வரிசையாக இருக்கும். சேகரித்தவர் என்ற இடத்தில் ஏ. ஆவுடைநாயகம் என்று அச்சாகியே வரும். கட்டுக் கட்டாக அடித்து வைத்திருந்தோம். மலை ஏறுவது, செடியை எடுப்பது, காகிதத்துக்கு நடுவில் வைத்து அழுத்துவது, ஒட்டுவது, மற்ற இடங்களை நல்ல கையெழுத்தில் நிரப்புவது எல்லாம் நான். எல்லாக் கல்லூரியிலும் அப்படித்தான். ஆனாலும் உறுத்தியது. உறுத்தவில்லை என்றால் அது பொய்.

பெரணிக்கு முதல் ஆபத்து ஐம்பத்து மூன்றில் வந்தது. கீழே ஊர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோக ஒரு திட்டம் போட்டு, குழாயைத் தாங்குகிற தூணை எருமைத்திட்டில் நிறுத்தலாம் என்று அளந்துவிட்டுப் போனார்கள். புரொபசர் நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதினார். இந்தச் செடி இந்தப் பாறையை விட்டால் வேறு கிடையாது, பாறையைத் தொடக்கூடாது என்று. ஆச்சரியம், கேட்டார்கள். திட்டமே கிடப்பில் போனது. அந்த மாதம் முழுக்க புரொபசர் எனக்கும் சேர்த்து ரயில்வே ஸ்டேஷனில் காபி வாங்கினார்.

இரண்டாவது ஆபத்து நாங்களேதான்.

பரீட்சைக்கு ஒவ்வொரு மாணவனும் நாற்பது தாள் ஒட்டிக் கொடுக்க வேண்டும். செடி என்றால் முழுச்செடி. கிழங்கு இல்லாமல் வெறும் இலையை ஒட்டினால், பரீட்சைக்கு வருகிறவர் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார். ‘எவ்வளவு காணப்படுகிறது’ என்ற இடத்தில் ‘அபூர்வம்’ என்று எழுதியிருந்தால் மார்க்கு கூடும். இது தெரிந்த பிறகு பையன்களைப் பிடிக்க முடியுமா? வருஷத்துக்கு இருபது பேர், பேனாக்கத்தியும் கையுமாக எருமைத்திட்டில் ஏறினார்கள். தென்னைக்கும் பனைக்கும் வித்தியாசம் தெரியாதவன்கூடக் கிழங்கைச் சுரண்டத் தெரிந்து வைத்திருந்தான். ஒருத்தன் பிய்த்துவிட்டு, வித்து கட்டவில்லை என்று தூக்கி எறிந்து வேறொன்று எடுப்பான். புரொபசர் கரையில் நின்று, “ஆளுக்கு ஒண்ணு, ஆளுக்கு ஒண்ணு” என்று சத்தம் போடுவார். ஆளுக்கு ஒன்றே அதிகம் என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, ஆனால் நான் அட்டெண்டர்.

முதல் வருஷம் முந்நூறுக்கு மேல் இருந்தது. ஐம்பத்தெட்டு பிப்ரவரியில் பதினேழு.

அந்த பிப்ரவரியில் புரொபசருக்கு முழங்கால் வீங்கி மலை ஏற முடியவில்லை. வெளிநாட்டில் காய்ந்த செடிகளைச் சேர்த்து வைக்கிற பன்னிரண்டு இடங்களுக்கு அந்தப் பெரணியை இடத்துக்கொரு தாள் அனுப்புவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அனுப்பினால்தான் அவர் வைத்த பெயர் நிலைக்குமாம். “பன்னெண்டு எடுத்துட்டு வா. கிழங்கோட” என்றார். செடி வைக்கிற தகரப்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு தனியாகப் போனேன்.

பதினேழில் பன்னிரண்டு போனால் ஐந்து. அடுத்த மாதம் இருபது பையன்கள் வருவார்கள். பாறையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு அந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டேன். எப்படிப் போட்டாலும் ஒன்றும் மிஞ்சவில்லை. பதினேழு வருஷமாக அந்த மலையில் ஏறி இறங்கி, பிடுங்கியே பழகிய கை எனக்கு. அன்றைக்கு அது கத்தியை எடுக்கவில்லை. அலுத்துப்போயிருந்தது என்பதுதான் உண்மை.

வெறும் பெட்டியோடு அவர் வீட்டுக்குப் போனேன்.

“இல்ல சார்.”

“என்ன இல்ல?”

“ஒண்ணுகூட இல்ல. பாறை வெறிச்சின்னு கெடக்கு.”

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி கோமதியம்மாள் காபி கொண்டுவந்து வைத்தாள். அது ஆறி ஆடை கட்டியது.

“நான்தான் அய்யாக்குட்டி” என்றார் கடைசியில். “நான்தான் அதைக் கொன்னுட்டேன்.”

அந்த நிமிஷமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பன்னிரண்டு தாள். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் பையன்களை மலைக்குக் கூட்டிப் போகவில்லை. குரோட்டன்சையும் எருக்கையும் ஒட்டட்டும் என்று விட்டுவிட்டார். எங்கள் பதிவேட்டில் அந்தப் பெரணிக்கு நேரே, ‘எங்கள் மாணவர்கள் அளவுக்கு மீறி எடுத்ததால் அழிந்தது’ என்று தன் கையாலேயே எழுதினார். அவர் என்னைவிட நேர்மையான மனுஷன். அந்த நேர்மை எதுவரை போகும் என்று எனக்கு அப்போது தெரியாது.

நான் மட்டும் வருஷா வருஷம், தண்ணீர் குறைந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை திட்டுக்குப் போய் எண்ணிப் பார்ப்பேன். ஐம்பத்தொன்பதில் முப்பத்தொன்று. அறுபதில் அறுபது. கத்தி படாத பாறையில் அது பாட்டுக்குப் பரவியது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதில் ஒரு திருட்டுச் சந்தோஷமும் இருந்தது. உலகத்தில் எனக்கு மட்டும் தெரிந்த செடி. லேபிளில் யார் பெயரை வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளட்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

என் வீட்டுக்காரி சந்தனமாரிக்கு மட்டும் சொல்லியிருந்தேன். “ஊருல ஆம்பளைங்க வேற எதையாவது ஒளிச்சு வச்சுக்கிடுவாங்க. நீங்க பாசியை ஒளிச்சு வச்சிருக்கீங்க” என்பாள். ஆனால் ஒரு தடவை கேட்டாள்: “அந்த வாத்தியாரு பாவம்லா? அவருகிட்டயாவது சொல்லக்கூடாதா?”

பாவம்தான். அறுபத்தொன்றில் ஓய்வு பெற்று, தென்காசியில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வீட்டோடு முடங்கிவிட்டார். நான் போய்ப் பார்க்கும்போதெல்லாம் வேறு பேச்சு பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று, “மொத வருசமே நிப்பாட்டியிருந்தா இருந்திருக்கும் பாத்துக்க” என்பார். தலையை ஆட்டிவிட்டு வருவேன். சொல்லத்தான் நினைப்பேன். ஆனால் ஒரு பொய்க்கு வயதாக வயதாக, அது சொன்னவனோடு ஒட்டிக்கொள்கிறது. மூன்று வருஷம் கழித்து எப்படிச் சொல்வது? நான்கு வருஷம் கழித்து?

அறுபத்து நான்கு மார்ச்சில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, திட்டில் இருநூற்றாறு எண்ணினேன். எண்ணி முடித்துவிட்டு அந்தப் பக்கம் சுற்றி வந்தால், பாறையின் நெற்றியில் சுண்ணாம்பால் பெரிய வட்டம். வட்டத்துக்குள் கையளவு ஆழத்துக்கு நாலு துளை.

பாதையோரத்தில் ஒரு கூடாரம் போட்டிருந்தார்கள். ஓவர்சியர் கடையநல்லூர்க்காரர், ஹபீபுல்லா என்று பேர். நல்ல மனுஷன். உட்காரச் சொல்லி, தன் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார்.

“பழைய குழாய்த் திட்டந்தான் அண்ணாச்சி. திரும்ப எடுத்திருக்காங்க. திட்டுல பாதியை வெடி வச்சுத் தட்டிட்டு அங்கன தூண் எழுப்புதோம். வார சனிக்கிழமை வெடி.”

“அந்தப் பாறையைத் தொடக்கூடாதுன்னு ஒரு கடுதாசி உண்டே அய்யா.”

“உண்டு, உண்டு.” காகிதக் கட்டைப் பிரித்து எடுத்தார். புரொபசரின் நாலு பக்கக் கடிதம், தாள் பழுத்திருந்தது. அதற்கு மேலே இன்னொன்று குத்தியிருந்தது. அதுவும் அவர் கையெழுத்துதான். “ஆனா இதையும் பாரும்.”

ஐம்பத்தெட்டு மார்ச்சில் எழுதியது. ‘நான் முன்பு குறிப்பிட்டிருந்த செடி எங்கள் கவனக்குறைவால் அழிந்துவிட்டது. ஆகவே பாறையைப் பாதுகாக்கும்படி நான் கேட்டதற்கு இனிக் காரணம் இல்லை. தங்களுக்குத் தெரிவிப்பது என் கடமை.’

யாராவது கேட்டார்களா? கிடப்பில் கிடந்த திட்டம். ஒரு வரி எழுதாமல் இருந்திருந்தால் யார் குடி முழுகிப் போயிருக்கும்? எனக்கு அவர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. டீ தம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அந்தக் கடிதத்தை எழுத வைத்தது நான் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

“அந்தச் செடி இருக்கு அய்யா. இப்ப எண்ணிட்டு வாரேன்.”

ஹபீபுல்லா என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீரு சொல்லுதீரு. காயிதம் வேற சொல்லுதே? புரொபசர் அய்யா கையால ஒரு காயிதம் வாங்கிட்டு வாரும். எங்க எஞ்சினியர் புதன்கிழமை வரைக்கும் இங்கன இருக்காரு. நானே கொண்டுபோய்க் குடுக்கேன். படிச்ச மனுசன், கேப்பாரு.”

புதன்கிழமை வரைக்கும். மூன்று நாள் முழுசாக இருந்தது. குற்றாலத்திலிருந்து தென்காசி என்ன காத தூரமா? பஸ் ஏறினால் அரை மணி நேரம்கூட ஆகாது.

திங்கட்கிழமை லீவு எழுதிப் போட்டுவிட்டு மலைக்குப் போனேன். அவர் வீட்டுக்கு அல்ல. நாற்பது செடியைக் கிழங்கு நோகாமல் பெயர்த்து, கொஞ்சம் மேலே வேறொரு பாறையின் வடக்குப் பக்கத்தில், ஈரப் பாசியை அணைத்து வைத்தேன். அது பிடிக்காது என்று எனக்கே தெரியும். ஐம்பத்திரண்டில் கல்லூரி நிழல்குடிலில் வைத்து, தொட்டியில் வைத்து, கிணற்றுச் சுவரில் வைத்துப் பார்த்து எல்லாம் ஒரு மாதத்தில் கருகிப்போயின. ஆனாலும் வைத்தேன். செவ்வாய்க்கிழமையும் அதையே செய்தேன். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி அவர் தெருமுனை வரைக்கும் போனேன். அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது தெரிந்தது. திரும்பி வந்துவிட்டேன். ‘ஆறு வருஷமாக உங்களை ஏமாற்றினேன் சார்’ என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்வதைவிட, முதுகு ஒடியப் பாறை ஏறுவது எனக்குச் சுலபமாக இருந்தது. புதன்கிழமை வீட்டில் படுத்தே கிடந்தேன். காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சல் இல்லை.

வியாழக்கிழமை காலையில் சந்தனமாரி தோசைக்கல்லை இறக்கி வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். “அவரு என்ன உங்களைக் கடிச்சா முழுங்கப் போறாரு? எந்திரிச்சுப் போங்க. இல்லன்னா நான் போயிச் சொல்லுதேன்.”

போனேன்.

புரொபசர் பழைய பேப்பர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. பாறையில் சுண்ணாம்பு வட்டம் இருப்பதில் தொடங்கி, வெறும் பெட்டியோடு வந்த அன்றைக்குத் திரும்பிப் போய், ஒன்றையும் விடாமல் சொன்னேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை, தரையில் இருந்த செம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் கையில் இருந்த பேப்பர்களைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்: “இப்ப எத்தனை?”

“இருநூத்தி ஆறு சார்.”

“இருநூத்தி ஆறா?” நிமிர்ந்து பார்த்தேன். அவர் கண் கலங்கியிருந்தது, ஆனால் முகம் சிரித்தது. “கோமதி! ஏட்டி கோமதி! இங்கன வா. அது சாகலையாம்!” கோமதியம்மாள் ஓடிவந்தாள். எது சாகவில்லை என்று அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. விளங்கியதும் அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை. ஆறு வருஷமாக அந்த மனுஷன் சாப்பாட்டைத் தட்டில் அளைந்துகொண்டிருந்ததைப் பார்த்தவள் அவள்.

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்றுகூடக் கேட்கவில்லை. பேனாவை எடுத்துக் கடிதம் எழுதினார். ‘1958இல் நான் சரிவரத் தேடாமல் தவறான தகவல் தந்துவிட்டேன்’ என்று தொடங்கினார். என் பெயரை எழுதுவார் என்று நினைத்தேன். எழுதவில்லை. “ஓடு” என்றார்.

ஓடினேன். ஹபீபுல்லா கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு தலையில் இருந்த தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“என்ன அண்ணாச்சி இப்படிப் பண்ணிட்டீரு? எஞ்சினியர் நேத்து சாயங்காலம் மெட்ராஸ் வண்டி ஏறிட்டாரே. நேத்து மத்தியானம் வரைக்கும் இங்கன, இதே நாற்காலியிலதான் உக்காந்திருந்தாரு. நான்கூட ரோட்டைப் பாத்துக்கிட்டே இருந்தேன்.”

தந்தி கொடுத்தார். தன் கைக்காசில் கொடுத்தார். வெள்ளிக்கிழமை பதில் வந்தது. ஒரே ஆள் மூன்று கடிதம் எழுதியிருக்கிறார், மூன்றும் மூன்று விதம். நேரில் வந்து விசாரிக்கும்வரை வேலையை நிறுத்த முடியாது என்று இருந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு வெடித்தார்கள். பெரிய சத்தம்கூட இல்லை. ஏதோ பெரிய கதவை அறைந்து சாத்தினாற்போல இருந்தது. புகை அடங்கியதும் ஹபீபுல்லா, “போய்ப் பாரும்” என்றார். வடக்குப் பக்கம் என்று ஒன்று இல்லை. வெள்ளையாகப் புதுக் கல் தெரிந்தது. மிஞ்சிய பாதியில் தெற்கு வெயில் நேராக விழுந்தது. தண்ணீரில் இறங்கி, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் கையை விட்டுத் தேடினேன். நசுங்காமல் முழுசாகக் கிடைத்தது ஒன்று. கிழங்கோடு, வித்தோடு, பரீட்சைக்காரர் பார்த்தால் முழு மார்க்குப் போடுகிற மாதிரி.

மேல் பாறையில் நான் வைத்தவை எல்லாம் ஏப்ரல் முடிவதற்குள் கருகிவிட்டன.

அந்த ஒன்றைத் தொட்டியில் வைக்கச் சொல்லிக் கேட்டேன். புரொபசர் லென்சில் பார்த்துவிட்டு, வேர் முனை செத்துப்போய்விட்டது என்றார். அழுத்தி வைத்தோம். இரண்டு வாரம் கழித்து, அவர் வீட்டு மேஜையில் வைத்துத் தாளில் ஒட்டினேன். வழக்கம்போல லேபிளை எடுத்து நிரப்பினேன். இடம், எருமைத்திட்டு. தேதி, 1964 மார்ச். ‘எவ்வளவு காணப்படுகிறது’ என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. “அதை விட்டுரு” என்றார்.

விட்டேன். லேபிளில் பசை தடவப் போனேன். அவர் கையை நீட்டி அதை வாங்கினார். ஸ்கேலை வைத்து, ஏ. ஆவுடைநாயகம் என்று அச்சாகியிருந்த பெயரை ஒரே கோட்டில் அடித்தார். திரும்ப என் முன்னால் வைத்தார்.

“இதைக் கண்டுபிடிச்சது நீ. நான் அப்பவே எழுதியிருக்கணும், எழுதல. இதைக் கடைசியா எடுத்ததும் நீதான்” என்றார். “உன் பேரை எழுது.”

அவர் குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் கோபப்பட்டிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியும். இருபது வருஷம் அந்த இடத்தில் என் பெயர் வராதா என்று ஏங்கியிருக்கிறேன். பேனாவை மையில் தொட்டு, அடித்த கோட்டுக்கு மேலே, என் பெயரை நல்ல கையெழுத்தில் எழுதினேன். மை காய்கிறவரை இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.